தோட்டத்துக் கதைகளில் சிரிப்பு எங்கே போயிற்று?

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானுக்கு அருகே இருக்கிறது ஆயர் தாவார். மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு நன்னீர் என்று பொருள். ஒரு காலத்தில் இந்த ஊரைச் சுற்றிப் பால்மரக் காடுகள் இருந்தன. இன்று பக்கத்துச் சாலைகளில் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் செம்பனை மரங்களைத்தான். லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும், ஈப்போ, கோலாலம்பூர் போன்ற நகரங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன.

அப்படிக் குடிபெயர்ந்த வீடு ஒன்றில், "பாட்டி, அந்தக் காலத்துத் தோட்டம் எப்படி இருந்தது?" என்று பேரப்பிள்ளை கேட்டால் என்ன நடக்கும்? பல வீடுகளிலும் நடப்பது ஒன்றுதான். பாட்டி முதலில் சிரிப்பார். கிராணி சைக்கிளோடு கால்வாயில் விழுந்த கதை வரும். திடலில் எம்.ஜி.ஆர். படம் ஓடிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொள்ள, சண்டைக் காட்சியை விட்டு எழ மனமில்லாமல் ஊரே பாயைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்ற கதை வரும். பக்கத்து லயத்துக்காரருக்கு வைத்த பட்டப்பெயரும் அது ஒட்டிக்கொண்ட காரணமும் வரும். சற்று நேரம் போன பிறகுதான் குரல் இறங்கும். மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாமல் கூலி இல்லாமல் போன நாள்களும், காய்ச்சலில் போன தம்பியும், சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத அப்பாவும் அப்போதுதான் வருவார்கள்.

சிரிப்பு முன்னாலும் அழுகை பின்னாலும் வருவது பாட்டியின் முறை. மலேசியத் தமிழ் நாவலையும் சிறுகதையையும் கையில் எடுத்தாலோ, அழுகை முன்னால் நிற்கிறது. சிரிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி? நம் இலக்கியம் அளவுக்கு மீறி இருண்டு கிடக்கிறதா? இருள்தான் உண்மை, நம்பிக்கை என்பது வெறும் ஆறுதல் என்று எழுத்தாளர்கள் முடிவு கட்டிவிட்டார்களா? வாசகர்கள் நெடுநாளாகக் கேட்டுவரும் கேள்வி இது.

இருளுக்குக் காரணம் உண்டு

முதலில் எழுத்தாளர் பக்கத்து நியாயத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத் தமிழர் வரலாற்றில் இருண்ட பக்கங்கள் ஒன்றிரண்டல்ல. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943 ஆகிய ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள், பெருந்தொகையினர் திரும்பவேயில்லை. பின்னர் 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பலர் பிழைப்பு இழந்தார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழகத்துக்கே திரும்பினார்கள். அதற்குப் பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, வீட்டுமனைத் திட்டங்களும் வந்தன, தோட்டங்களே மறைந்தன.

இவற்றையெல்லாம் ஏட்டில் ஏற்றியவர்கள் எழுத்தாளர்கள்தாம். 1978இல் நூலாக வந்த கா. பெருமாளின் நாவலுக்குப் பெயரே 'துயரப் பாதை'. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி அதே கொடுமையை 'நினைவுச் சின்னம்' நாவலில் பதிவு செய்தார். சீ. முத்துசாமி தம் நாவலுக்கு 'மண் புழுக்கள்' என்று பெயர் வைத்தார். வேலை தருவதாக அழைத்துச் செல்லப்பட்டுப் பஹாங் காட்டுக்குள் அடிமைகளைப்போல் அடைபட்ட தொழிலாளர்களின் கதையைக் கோ. புண்ணியவான் 'செலாஞ்சார் அம்பாட்' ஆக்கினார். பாதை, மரணம், புழு என்று தலைப்புகளே நிறத்தைச் சொல்லிவிடுகின்றன.

இவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பள்ளி வரலாற்று நூலில் சில வரிகளுக்குள் எல்லாம் முடிந்திருக்கும். மாண்டவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கதையும் இல்லை என்ற நிலை வந்திருக்கும். ஆகவே இருளை எழுதியது குற்றம் என்று சொல்வது நன்றி மறந்த பேச்சாகும்.

பூசி மெழுகிய நம்பிக்கை

அடுத்தது வாசகர் பக்கத்து நியாயம். "நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்து, படுக்கப்போகும் முன் படிக்க எடுத்தால் அதிலும் சாவும் குடியும்தானா?" என்று ஒருவர் கேட்டால் அதைத் தள்ளிவிட முடியாது. பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கம் வர வேண்டும் என்று விரும்பும் ஆசிரியர்களும் இதையே சொல்கிறார்கள். தன் இனத்தைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு கதையிலும் தோற்றவர்களையே சந்திக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்?

இந்தக் கவலைக்குப் பதிலாக ஒருவகைக் கதை நெடுநாளாக எழுதப்பட்டு வருகிறது. குடிகாரத் தகப்பன் கடைசிப் பக்கத்தில் திருந்துகிறான். கைவிடப்பட்ட மகள் டாக்டராகித் திரும்பி வருகிறாள். கொடுமைக்கார மேலாளர் மனம் மாறுகிறார். போட்டிக்கு அனுப்பப்படும் கதைகளில் இந்த முடிவு எத்தனை முறை வந்திருக்கும் என்பதை அவற்றைப் படித்துப் பழகியவர்கள் அறிவார்கள்.

இதுவும் நம்பிக்கைதானே என்று கேட்கலாம். இல்லை என்றே சொல்ல வேண்டும். இருபது பக்கம் வளர்ந்த துன்பத்தை இரண்டு வரியில் துடைத்துவிடும்போது, அந்தத் துன்பத்தை அனுபவித்தவர் அவமானப்படுகிறார். "திருந்துவது இவ்வளவு சுலபம் என்றால் எங்கள் அப்பா ஏன் திருந்தவில்லை?" என்று அந்தப் பிள்ளை கேட்கும். பூசி மெழுகிய நம்பிக்கைக்கு அதனிடம் பதில் கிடையாது. படித்து முடித்ததும் கதையும் மறந்துபோகும், நம்பிக்கையும் கரைந்துபோகும்.

ஆக, இருளா நம்பிக்கையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறான கேள்வி. இருளுக்குள் வாழ்ந்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பாட்டியின் சிரிப்பு அங்கேதான் உதவிக்கு வருகிறது.

லயத்துச் சிரிப்பு என்ன செய்தது?

விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவருக்கு அதிகாரம் இருந்தது. நிற்கிறவர்களுக்கு எதுவும் இல்லை. ஆனால் கூப்பிடுகிறவருக்கு லயத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது அவருக்கு மட்டும் தெரியாது. நிரையில் நின்று மரம் வெட்டும்போது கங்காணியையும் துரையையும் கேலி செய்து பாட்டுக் கட்டினார்கள். பால் நிறுக்கும் இடத்தில் எடை குறைத்து எழுதியவனைப் பற்றிய நையாண்டி மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். கூலியை உயர்த்த இந்தக் கேலியால் முடியவில்லை. ஆனால், 'நீ எங்களை எண்ணிக்கையாகப் பார்த்தாலும் நாங்கள் உன்னை மனிதனாக எடைபோட்டு வைத்திருக்கிறோம்' என்று அது சொன்னது. மானம் காப்பாற்றப்பட்டது.

சிரிப்பு செய்த இன்னொரு வேலை நினைவைக் காப்பது. வெறும் துன்பத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல மனிதருக்கு வாய் வராது. சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்களில் பலர் வீட்டில் அதைப் பற்றிப் பேசாமலே காலத்தை முடித்துக்கொண்டார்கள். ஆனால் சிரிப்போடு கலந்த நினைவு வாயிலிருந்து வாய்க்குப் போகும். கிராணி கால்வாயில் விழுந்த கதையைக் கேட்கிற பிள்ளை, 'கிராணி யார், கால்வாய் ஏன் அங்கே இருந்தது, உங்களுக்கு ஏன் சைக்கிள் இல்லை?' என்று அடுத்த கேள்வியைக் கேட்கும். அந்தக் கேள்வி வழியாகத்தான் வரலாறு வீட்டுக்குள் நுழைகிறது.

இந்தப் பாடம் தமிழுக்குப் புதிதும் அல்ல. மெய்ப்பாடுகள் எட்டைச் சொல்லும் தொல்காப்பியம் நகையை முதலிலும் அழுகையை இரண்டாவதாகவும் வைக்கிறது. திருக்குறளின் 63ஆம் அதிகாரமான இடுக்கண் அழியாமை, துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. துன்பம் இல்லை என்று வள்ளுவர் சொல்லவில்லை. அதைக் கடந்து போக ஒரு கருவியைக் கையில் கொடுக்கிறார்.

ஒரே கையில் இரண்டும்

நவீன இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரி புதுமைப்பித்தன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழியும் மருதியின் கதையைத் 'துன்பக் கேணி' என்று எழுதியவர் அவர். தோட்டத் தமிழரின் அவலத்தைச் சொன்ன தொடக்கக் காலக் கதைகளில் அது முக்கியமானது. அதே கைதான் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையையும் எழுதிற்று. சென்னைக்கு வந்த கடவுள் காப்பி குடிக்கிறார். சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். படிப்பவர் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின், கடவுளாலும் தாக்குப்பிடிக்க முடியாத ஊரில் மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்ற நினைப்பு மிஞ்சும்.

ஈழத்தில் போர் கொண்டுவந்த இருளுக்குப் பக்கத்திலும் சிரிப்பு இருக்கிறது. 2001இல் வந்த ஷோபாசக்தியின் 'கொரில்லா', அகதி விண்ணப்பம் ஒன்றோடு தொடங்கும் நாவல். கொடுமைகளைச் சொல்லும் அதன் குரலில் கசப்பான எள்ளல் ஓடிக்கொண்டே இருக்கும். புலம்பெயர்ந்த வாழ்வின் தனிமையை அ. முத்துலிங்கம் மெல்லிய நகைச்சுவையோடு சொல்வதால்தான் அந்தத் தனிமை வாசகரின் மனத்தில் தங்குகிறது.

ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசன் 2008இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே' நாவலின் களமும் ஈப்போதான். வசதியான தமிழ்க் குடும்பம் ஒன்றில் வேலைக்காரப் பெண் பழி சுமந்து வெளியேற்றப்படும் கதை அது. பொருள் கனமானது, சொல்லும் குரலிலோ குறும்பு குறையவில்லை. அந்தத் தலைப்பு குறுந்தொகைப் பாடல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பது தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

அயர்லாந்து சொல்லும் பாடம்

இதே வழக்கு உலகின் இன்னொரு மூலையிலும் நடந்து வருகிறது. அயர்லாந்து சிறிய நாடு. ஆங்கிலேயர் ஆட்சியையும், 1845இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தையும், பிழைப்புக்காகக் கப்பலேறியவர்களின் பிரிவையும் கண்ட நாடு. தமிழர்களுக்கு இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது. ஐரிஷ் நாவல்கள் ஏன் இவ்வளவு இருண்டிருக்கின்றன என்ற புகார் அங்கும் உண்டு. அதற்கு அவர்களின் எழுத்தாளர்களே பல வழிகளில் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

பிராங்க் மெக்கோர்ட் 1996இல் வெளியிட்ட 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' என்ற தன்வரலாறு லிமரிக் நகரத்து வறுமையைச் சொல்கிறது. உடன்பிறந்தவர்கள் சிறுவயதிலேயே இறக்கிறார்கள். தகப்பன் கூலியைக் குடித்துத் தீர்க்கிறார். நம் தோட்டத்துக் கதை போலவே இருக்கிறதல்லவா? ஆனால் அதைச் சொல்வது ஒரு சிறுவனின் குரல். அவன் பரிதாபம் கேட்பதில்லை. பெரியவர்களின் விநோதங்களைப் பார்த்து வியக்கிறான். படிப்பவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறார்கள். 1993இல் புக்கர் பரிசு பெற்ற ராடி டாயிலின் 'பேடி கிளார்க் ஹா ஹா ஹா' நாவலிலும், பெற்றோரின் மணவாழ்வு முறிவதைப் பத்து வயதுப் பையன் ஒருவன் தன் சேட்டைகளுக்கு நடுவே கவனிக்கிறான். தலைப்பிலேயே சிரிப்பு இருக்கிறது. அது எப்படிப்பட்ட சிரிப்பு என்பது கடைசியில்தான் புரியும்.

2023இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இரண்டு ஐரிஷ் நாவல்கள் எதிரெதிரே நின்றன. பால் லிஞ்ச் எழுதிய 'பிராஃபெட் சாங்' மூச்சு முட்டும் இருட்டு. பால் மர்ரே எழுதிய 'தி பீ ஸ்டிங்' குடும்பம் ஒன்றின் வீழ்ச்சியைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, வாசகரை ஆழமான இடத்துக்குக் கூட்டிப்போவது. பரிசு முன்னதற்குக் கிடைத்தது. ஆனால் இரண்டுக்கும் வாசகர் இருந்தார்கள். ஓர் இலக்கியம் வளமாக இருக்க இரண்டும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஜான் மெக்காகெர்னின் வாழ்க்கை இன்னும் அழகான சான்று. 1965இல் அவர் எழுதிய 'தி டார்க்', அதாவது 'இருள்', தடை செய்யப்பட்டது. அவருடைய ஆசிரியர் வேலையும் போயிற்று. 37 ஆண்டுகளுக்குப் பிறகு, 2002இல், எழும் சூரியனைத் தலைப்பிலே கொண்ட நாவலை அவர் வெளியிட்டார். ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் மனிதர்கள் வருவதும் போவதும் வம்பளப்பதும் சாவதுமே கதை. மரணம் அதில் உண்டு, சிரிப்பும் உண்டு. இருளை நேராகப் பார்த்து எழுதியவரால்தான் அந்தச் சூரியனையும் எழுத முடிந்தது.

நம் வீட்டிலும் விளக்கு உண்டு

மலேசியாவிலும் மாற்றம் தெரிகிறது. ம. நவீனின் 'பேய்ச்சி' 2019இல் வந்தது. 1981இல் கெடா மாநிலத்து லூனாஸில் நச்சுச் சாராயம் பல உயிர்களைக் கொண்டுபோன நிகழ்வு அதில் வருகிறது. 2020இல் உள்துறை அமைச்சு அந்த நாவலைத் தடை செய்தது. அது குறித்து இருவேறு கருத்துகள் உண்டு. லயத்துப் பேச்சை, அதன் கொச்சையோடும் கேலியோடும் எந்த அளவுக்கு அச்சேற்றலாம் என்பது அவற்றுக்கு அடியில் இருந்த கேள்விகளில் ஒன்று. கொச்சையை முழுவதும் கழித்துவிட்டால் லயத்துச் சிரிப்பில் பாதி போய்விடும் என்பதையும், கொச்சை மட்டுமே சிரிப்பு ஆகிவிடாது என்பதையும் இரு தரப்பும் எண்ணிப் பார்க்கலாம்.

திரையில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்தது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போயின் கதை அது. குண்டர் கும்பலின் இழுப்பும் தகப்பனின் அடியும் அவனைச் சூழ்ந்திருக்கின்றன. ஆனாலும் அவனுடைய குறும்பையும் கற்பனையையும் படம் மறைக்கவில்லை. அவன் இழக்கப்போவது என்ன என்பது அந்தக் குறும்பைப் பார்த்தவர்களுக்குத்தான் வலிக்கும். சிறுவர்களுக்காக 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற சாகச நாவல்களைக் கே. பாலமுருகன் எழுதியிருப்பதும் இந்த வரிசையில் சொல்லத்தக்கது. நம் பிள்ளைகள் அங்கே பரிதாபத்துக்குரியவர்கள் அல்லர். துணிந்து உள்ளே நுழைகிறவர்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பாகாது. தள்ளாடும் குடிகாரனையும், கறுத்த பெண்ணையும், தோட்டத்துப் பேச்சையும் காட்டிச் சிரிக்க வைக்கும் மேடை நாடகமும் தொலைக்காட்சித் துணுக்கும் நம்மிடையே உண்டு. அது கீழே இருப்பவனை இன்னும் கீழே தள்ளும் சிரிப்பு. லயத்துச் சிரிப்போ பெரும்பாலும் மேலே இருந்தவர்களை நோக்கியோ, தன்னை நோக்கியோ போயிற்று. எழுதுகிறவர் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

நம்பிக்கைக்கும் பொருள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். அந்தப் பணத்தை எந்தச் செலவைக் குறைத்துக் கட்டினார்கள், கணவனும் மனைவியும் அதற்காக என்ன சண்டை போட்டார்கள், பங்குப் பத்திரத்தை எந்த டப்பாவில் ஒளித்து வைத்தார்கள் என்று எழுதினால் அதில் கண்ணீரும் இருக்கும், சிரிப்பும் இருக்கும், நம்பிக்கையும் தானாக வந்து நிற்கும். யாரையும் கடைசிப் பக்கத்தில் திருத்த வேண்டியிருக்காது.

அந்தப் பத்திரம் எந்த டப்பாவில் இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் குறைந்துவருகிறார்கள். துன்பத்தின் கணக்கு ஓரளவு ஏட்டில் ஏறிவிட்டது. பட்டப்பெயர்களும் கேலிப்பாட்டும் மழையில் நனைந்த சினிமாவும் இன்னும் வாய்மொழியாகவே இருக்கின்றன. ஆயர் தாவாரிலோ வேறு எங்கோ ஒரு தாமான் வீட்டில் பாட்டி சிரிக்கத் தொடங்கும்போது, பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டால் போதும். அழுகை தானே பின்னால் வரும். இரண்டையும் வரிசை மாறாமல் எழுதியவரின் கையில்தான் தோட்டத்தின் முழுக் கதை இருக்கும்.